வன்னியில இருந்து இங்கிலீஷில எழுதி அனுப்புற ஒபிஸ்காரருக்கு, ஹைபன் பற்றி ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மாந்தை, மடு எண்டு வன்னி முழுக்க ஒபிஸ் போட்டு வேலை செய்யுற திட்ட அலுவலர் ஐயாமார், அம்மாமார், கள உத்தியோகத்தர்மார், எம் அன்ட் ஈ, அதாவது கண்காணிப்பும் மதிப்பீடும், பார்க்கிற தம்பி தங்கச்சிமார், பிரதேச செயலகங்களில இங்கிலீஷ் கடிதம் அடிக்கிற ஆக்கள், எல்லாருக்கும் வணக்கம்.

நான் பரந்தன் பக்கம் ஒரு ரைப்பிங், போட்டோ கொப்பிக் கடை வச்சிருக்கிறன். சங்கங்களின்ர ப்ரொபோசல், சனத்தின்ர மனு, உங்கட ஃபோம், உங்கட ரிப்போட்டின்ர கொப்பி எல்லாம் என்ர மேசையால தான் போகுது, ஆனபடியா ஆர் என்னத்தை எப்பிடி எழுதுறியள் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். உங்கட இங்கிலீஷைக் குறை சொல்ல நான் வரேல்லை. ஸ்பெல்லிங்கைக் கொம்பியூட்டர் பார்க்குது, கிராமருக்கும் இப்ப அதுவே கீழ கோடு போட்டுக் காட்டுது. நான் கதைக்க வந்தது ஒரேயொரு குறியைப் பற்றி. ஹைபன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில போடுற அந்தக் கட்டைக் கோடு. போடவேண்டிய இடத்தில அதைப் போடுறியள் இல்லை, போடத் தேவையில்லாத இடத்தில கொண்டுபோய்ப் போடுறியள், அதால இஞ்ச சனத்துக்குள்ள சண்டை வருது. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன்.

ஒரு ஒபிஸ், பேர் வேண்டாம், பெண் தலைமைக் குடும்பங்களுக்கு மாடு குடுக்கிற திட்டம் ஒண்டு கொண்டு வந்தது. ஊரில கூட்டம் வச்சுத் தமிழில கதைக்கேக்க சொன்னது 'ரெண்டு வயசுப் பசு'. அதை இங்கிலீஷாக்கி மேல அனுப்பேக்க தலைப்பு 'டிஸ்ட்ரிபியூஷன் ஒஃப் டூ இயர் ஓல்ட் கவ்ஸ்' எண்டு போட்டிட்டினம், ஒரு ஹைபனும் இல்லை. காசும் ஓமெண்டு வந்திட்டுது. பிறகு அந்த இங்கிலீஷைத் திரும்பத் தமிழாக்கினது வேற ஆள், கூட்டத்துக்கு வராத ஆள், அவர் எழுதிப்போட்டார் 'ஒரு வயதுப் பசுக்கன்றுகள் இரண்டு' எண்டு, அந்த நோட்டீஸைக் கொண்டந்து மாதர் சங்கச் சுவரிலயும் ஒட்டியாச்சு. சில அக்காமார் கடன்பட்டு ரெண்டு மாடு கட்டுற அளவுக்குக் கொட்டில் போட்டவை. கடைசியில ஆளுக்கு ஒரு மாடுதான் வந்திறங்கினது, பட்ஜெட்டிலயும் ஒண்டுக்குத்தான் காசு இருந்தது. அப்ப மற்ற மாட்டை ஆர் விழுங்கினது? சங்கத் தலைவிதான் விழுங்கினவ எண்டு ஊர் முழுக்கக் கதை. பாவம் அந்த மனுசி, ஒபிஸ் வாசலுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு, கடைசியாப் பதவியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்திட்டா. அந்தக் கடிதமும் என்னட்டத்தான் ரைப் அடிச்சது.

இதில மொழிபெயர்த்தவரில பிழை இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். அவர் வாசிச்ச மாதிரியும் அந்த வசனத்தை வாசிக்கலாம். 'டூ-இயர்-ஓல்ட் கவ்ஸ்' எண்டு மூண்டு சொல்லையும் ரெண்டு கோட்டால கட்டினால் ரெண்டு வயசு மாடுகள், எத்தினை எண்டு சொல்லேல்லை. 'டூ இயர்-ஓல்ட் கவ்ஸ்' எண்டு பின் ரெண்டை மட்டும் கட்டினால் ஒரு வயசு மாடு ரெண்டு. ஒண்டையும் கட்டாமல் விட்டால் வாசிக்கிறவர் தன்ர விருப்பத்துக்குக் கட்டுவார். ஒரு வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் உள்ள வித்தியாசம் மாடு வளர்க்கிற சனத்துக்குத்தான் தெரியும். ரெண்டு வயசு நாகு எண்டால் வடிவா வளர்ந்திருந்தால் சினைப்படுத்தலாம், அதுக்குப் பிறகு ஒன்பது மாசத்துக்கு மேல காத்திருந்தால் பால். ஒரு வயசுக் கண்டு எண்டால் அதுக்கு முதல் இன்னும் ஒரு வருசமாவது வைக்கல், தவிடு, தண்ணி எல்லாம் கையால போடோணும். வருமானம் இல்லாத வீட்டில அந்த ஒரு வருசம் லேசுப்பட்ட விசயமில்லை.

ஹைபன் என்ன வேலை செய்யுது எண்டதை நீண்ட விளக்கம் இல்லாமல் சொல்லலாம், ஏன் எண்டால் இதே வேலையைத் தமிழில எங்கட ஒற்று செய்யுது. பள்ளிக்கூடத்தில எல்லாரும் படிச்சிருப்பியள், 'தந்த பலகை' எண்டால் ஆரோ குடுத்த பலகை, 'தந்தப் பலகை' எண்டால் யானைத் தந்தத்தில செய்த பலகை. நடுவில நிக்கிற அந்த ஒரு 'ப்' தான் எந்தச் சொல் எதோட எப்பிடி ஒட்டுது எண்டு காட்டுது. ஒற்று மிகாத இடத்தில போட்டாலும் பொருள் மாறும், மிகவேண்டிய இடத்தில விட்டாலும் மாறும், அதுக்காகத் தமிழ் வாத்திமாரிட்ட நாங்கள் எல்லாரும் அடியும் வாங்கினனாங்கள். இங்கிலீஷில அப்பிடிப் புணர்ச்சி இல்லை, சொல்லுகள் சும்மா வரிசையில நிக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால ரெண்டு மூண்டு சொல் சேர்ந்து ஒரே அடைமொழியா நிக்கேக்க, இதுகள் ஒரு கூட்டு எண்டு வாசிக்கிறவனுக்குக் காட்ட அவங்களிட்ட இருக்கிறது இந்தக் கோடு ஒண்டுதான். அவ்வளவுதான் விசயம், மிச்சமெல்லாம் இதில இருந்து வாறது.

இப்ப காணிக் கதைக்கு வாங்கோ, இது மாட்டை விடப் பெரிசு. 'டென் ஏக்கர் ப்ளொட்ஸ்' எண்டு ஒரு கடிதத்தில கிடக்கு. பத்து ஏக்கர் அளவான துண்டுகளோ, ஒரு ஏக்கர் துண்டு பத்தோ? ஊரில நிக்கிறவைக்குச் சந்தேகமே வராது, ஏன் எண்டால் காணியைக் கண்ணால பார்த்திருக்கினம். கொழும்பில இருந்து கையெழுத்து வைக்கிறவர் பார்க்கேல்லை. பத்து ஏக்கர்த் துண்டு எண்டால் 'டென்-ஏக்கர் ப்ளொட்ஸ்'. ஒரு ஏக்கர்த் துண்டு பத்து எண்டால் 'டென் வன்-ஏக்கர் ப்ளொட்ஸ்' எண்டு 'வன்' ஐயும் எழுதிவிடுங்கோ, ஆரும் தடுமாறேலாது. கால் ஏக்கர்க் குடியிருப்புக் காணி இருபது எண்டால் 'ட்வென்டி குவாட்டர்-ஏக்கர் ப்ளொட்ஸ்'. இஞ்ச காணி எண்டது என்ன மாதிரி விசயம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பேமிட் இருக்கிறவை, இல்லாதவை, பேமிட் துலைச்சவை, ஆமி விட்ட காணி, காட்டிலாகா கல்லுப் போட்ட காணி எண்டு ஏற்கனவே ஆயிரம் சிக்கல். அதுக்குள்ள நீங்களும் ஒரு சிக்கலை எழுதி வைக்காதேங்கோ.

எண்ணும் அளவும் சேர்ந்து முன்னால வரேக்க அளவு ஒருமையில தான் நிக்கும், இதையும் கனபேர் பிழை விடினம். மாட்டுக்கு 'டூ-இயர்-ஓல்ட்', 'டூ-இயர்ஸ்-ஓல்ட்' இல்லை. ரெண்டு நாள் பட்டறை 'டூ-டே வேர்க்ஷொப்', 'டூ டேய்ஸ் வேர்க்ஷொப்' இல்லை. பின்னால போனால் எல்லாம் அவிழ்ந்திடும், 'த கவ் இஸ் டூ இயர்ஸ் ஓல்ட்', கோடும் இல்லை, பன்மையும் வந்திடும். இரணைமடுக் குளம் நிரம்பினால் முப்பத்தாறு அடி எண்டு நாங்கள் சொல்லுறதை 'தேர்ட்டி-சிக்ஸ் ஃபீட்' எண்டு எழுதலாம், ஆனால் 'லெவல்' எண்ட சொல்லுக்கு முன்னால வச்சால் 'தேர்ட்டி-சிக்ஸ்-ஃபுட் லெவல்'. அதுக்குள்ள இருக்கிற 'தேர்ட்டி-சிக்ஸ்' இன்ர கோடு வேற வழியால வந்தது, இருபத்தொண்டில இருந்து தொண்ணூற்றொன்பது வரைக்கும் கூட்டு எண்ணுகளைச் சொல்லில எழுதினால் எப்பவும் கோடு இருக்கும், முன்னால நிண்டாலும் பின்னால நிண்டாலும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, உரம் குடுக்கிற ஒபிஸ்காரர் கவனியுங்கோ. கிலோகிராம் எண்டு முழுச்சொல்லா எழுதினால் '50-கிலோகிராம் பாக்', கோடு வரும். கேஜி எண்ட குறியீட்டை மட்டும் போட்டால் இலக்கத்துக்கும் அதுக்கும் நடுவில இடைவெளி மட்டும்தான், கோடு இல்லை, சர்வதேச அலகு முறையில அப்பிடித்தான் வச்சிருக்கினம். பத்து மூட்டை எண்டால் '10 50' எண்டு ரெண்டு இலக்கத்தைப் பக்கத்தில பக்கத்தில வைக்காதேங்கோ, 'டென்' எண்டு சொல்லில எழுதி ஐம்பதை இலக்கத்தில விடுங்கோ. ஆயிரத்து ஐம்பது கிலோவாக்கிப்போடுவாங்கள்.

மற்றப் பக்கம், கோட்டை அள்ளித் தெளிக்கிற ஒபிஸும் இருக்கு. 'நியூலி-ரீசெட்டில்ட் ஃபமிலிஸ்', 'ஃபுல்லி-டமேஜ்ட் ஹவுஸஸ்', 'ரீசன்ட்லி-க்ளியர்ட் லாண்ட்', எல்லாத்திலயும் கோடு. இதுகளுக்குத் தேவையே இல்லை. 'லி' எண்டு முடியுற வினையடை தனக்கு அடுத்த சொல்லைத்தான் பிடிக்கும், வேற ஒண்டையும் பிடிக்க ஏலாது, சந்தேகம் இல்லாத இடத்தில கயிறு எதுக்கு? ஆனால் 'லி' எண்டு முடியுறதெல்லாம் வினையடையும் இல்லை. 'ஃப்ரெண்ட்லி' பெயரடை, 'ஏர்லி' ரெண்டு மாதிரியும் வரும், அதால 'சைல்ட்-ஃப்ரெண்ட்லி ஸ்பேஸ்' எண்டதுக்கும் 'ஏர்லி-ஸ்டேஜ்' எண்டதுக்கும் கோடு போடுறது சரி.

'வெல்' எண்ட சொல் இஞ்ச இரட்டைப் பகிடி, ஏன் எண்டால் வன்னியில எல்லாத் திட்டத்திலயும் ஒரு கிணறு இருக்கும். வடிவாப் பராமரிக்கிற கிணறு ஒண்டு எண்டால் 'எ வெல்-மெயின்டெய்ன்ட் வெல்'. அதையே 'த வெல் இஸ் வெல் மெயின்டெய்ன்ட்' எண்டு பின்னால கொண்டுபோனால் கோடு வேண்டாம். ஒரு ரிப்போட்டில 'வெல் டக் வெல்ஸ்' எண்டு கண்டனான், நல்லா வெட்டின கிணறுகளோ, கிணறு வெட்டின கிணறுகளோ, எழுதினவருக்கே வெளிச்சம். 'டாங்க்' உம் அப்பிடித்தான். எங்களுக்கு அது குளம். ஜெனீவாவில இருந்து வாசிக்கிறவருக்கு அது சங்கிலிச் சில்லு போட்ட யுத்த வண்டி. நல்லகாலம் 'அன்டி-டாங்க் மைன்' எண்டதுக்குக் கோடு இருக்கு, 'மைனர் டாங்க்' எண்ட சின்னக் குளத்துக்கு இல்லை. ரெண்டையும் ஒரே பந்தியில எழுதுற ஊர் உலகத்தில வேற எங்கயாவது இருக்குமோ தெரியாது.

கண்ணிவெடி எண்டு வந்தபடியா இதையும் சொல்லிப்போட்டுப் போறன். கண்ணிவெடியைத் தடை செய்ய 1997 இல வந்த அந்த ஒட்டாவா உடன்படிக்கையின்ர முழுப் பேரிலயே 'அன்டி-பேர்சனெல்' எண்டு ஹைபன் இருக்கு, இலங்கை அதில சேர்ந்தது 2017 டிசம்பரில. முகமாலைப் பக்கம் வெடி எடுக்கிற நிறுவனங்களின்ர இங்கிலீஷ் பேப்பர்களை எடுத்துப் பாருங்கோ, வடிவா எழுதுவாங்கள், ஏன் எண்டால் அவங்கட வேலையில சொல் பிழைச்சால் கால் போகும். 'மைன்-ஃப்ரீ லாண்ட்', 'ஹை-ரிஸ்க் ஏரியா' எல்லாம் கட்டவேண்டிய இடத்தில கட்டியிருக்கும். இதில நான் அடிக்கடி யோசிக்கிற ஒரு சொல் 'ஹெவி மெட்டல் டிடெக்டர்'. பாரமான மெட்டல் டிடெக்டர் ஒண்டோ, பார உலோகம் கண்டுபிடிக்கிற கருவியோ? வேற ஊரில இது சும்மா பகிடி உதாரணம். வன்னியில ரெண்டுக்கும் தேவை இருக்கு, ஒரு பக்கம் வெடி தேடுற சாமான், மற்றப் பக்கம் வவுனியாப் பக்கச் சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணியைச் சோதிக்கவேணும் எண்டு கேக்கிற சனம். தண்ணிக்கெண்டால் 'ஹெவி-மெட்டல்' எண்டு கட்டிப்போட்டு ஓடர் குடுங்கோ.

ஒரு தம்பி, படிச்ச பிள்ளை, என்னோட வாதாடினவர், அண்ணை ஹைபனெல்லாம் பழைய காலம், ஒக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனறிக்காரரே தூக்கி எறிஞ்சிட்டாங்கள் எண்டு. பாதி உண்மை. 2007 இல வந்த ஷோட்டர் ஒக்ஸ்ஃபோர்டின்ர ஆறாம் பதிப்பில கிட்டத்தட்ட 16,000 சொல்லில இருந்து ஹைபனைக் கழட்டினவை, அது பெரிய செய்தியாவும் வந்தது. ஆனால் அப்ப செய்தியில அடிபட்ட சொல்லுகளைப் பாருங்கோ, 'ஐஸ்-கிரீம்' ரெண்டு சொல்லாப் பிரிஞ்சது, 'பம்பிள்-பீ' ஒரே சொல்லா ஒட்டினது, கிட்டத்தட்ட எல்லாம் பெயர்ச்சொல்லுகள். பெயர்ச்சொல் பழகப் பழகக் கோட்டை விடும், அது இங்கிலீஷின்ர வழமை, 'ரீசெட்டில்மென்ட்' எண்டதுக்கு இப்ப ஆரும் கோடு போடுறேல்லை, நீங்களும் போடாதேங்கோ. பெயருக்கு முன்னால நிக்கிற தற்காலிகக் கூட்டு வேற சாதி, அந்த இடத்துக்கு எண்டு அந்த நிமிசம் கட்டுறது, அதுக்குக் கோடு இன்னும் தேவை.

எல்லாத்துக்கும் தேவையோ எண்டால், இல்லை. 'ட்ரிங்கிங் வாட்டர் ப்ரொஜெக்ட்', 'ப்ரைமரி ஸ்கூல் டீச்சர்' எண்டதுகளை எல்லாரும் ஒரே மூச்சில வாசிக்கினம், கோடு இல்லாட்டியும் குடி முழுகாது. பெரிய எழுத்தில வாற பேர்களுக்கும் வேண்டாம், 'நோர்தேர்ன் ப்ரொவின்ஸ் ஸ்கூல்ஸ்', 'இரணைமடு டாங்க் வாட்டர்', அந்தப் பெரிய எழுத்தே கட்டிவச்சிருக்கு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் மாதிரிப் பேர்களைச் சங்கம் எப்பிடிப் பதிஞ்சிருக்கோ அப்பிடியே எழுதுங்கோ, 'மல்டி பர்ப்பஸ்' எண்டு பதிஞ்சிருந்தால் நீங்கள் கோடு போட்டுத் திருத்தப் போகாதேங்கோ, பிறகு பாங்கில செக் மாறாது.

உங்கட ரிப்போட்டில நித்தமும் வாற ஆனால் நித்தமும் பிழைக்கிற கொஞ்சம் இருக்கு. 'வோர்-அஃபெக்டட் ஃபமிலிஸ்', 'ஃபீமேல்-ஹெடட் ஹவுஸ்ஹோல்ட்ஸ்', 'ரெய்ன்-ஃபெட் பாடி', எல்லாத்துக்கும் முன்னால நிக்கேக்க கோடு வேணும். ரெண்டாவதைக் கோடில்லாமல் எழுதினால் முதல் பார்வைக்குப் பொம்பிளை ஆரோ எங்கயோ வெளிக்கிட்டுப் போன மாதிரிக் கிடக்கும். இந்திய வீட்டுத் திட்டம் 2012 இல பெரிசாத் தொடங்கேக்க புது வீட்டுக்கு 550,000 ரூபா குடுத்துச் சனத்தையே கட்டச்சொன்ன முறைக்கு 'ஓனர்-ட்ரிவன்' எண்டு கோட்டோட தான் பேர் வந்தது, இப்ப அதைக் கொப்பி அடிக்கிற ஆக்கள் கோட்டை எங்கயோ விட்டிட்டினம். 'ஃபொலோ-அப் விசிட்' எண்டால் கோடு, 'வீ வில் ஃபொலோ அப்' எண்டு வினையா வந்தால் கோடு இல்லை, இதைத் தலைகீழாத்தான் முக்கால்வாசிப் பேர் எழுதுறியள். 'டமில்-ஸ்பீக்கிங் ஒஃபிசர்' எண்டால் தமிழ் பேசத் தெரிஞ்ச அலுவலர், அவர் முஸ்லிமா இருக்கலாம், மலையகத்து ஆளா இருக்கலாம், தமிழ் படிச்ச சிங்களவராவும் இருக்கலாம், வேலை விளம்பரத்தில அந்தக் கோடு ஆரை உள்ள விடுறது எண்டு சொல்லுற கோடு.

ஒப்பந்தத்தில வேலை செய்யுற பிள்ளையளுக்காக ஒரு சொல். 'ரிசைன்' எண்டால் வேலையை விடுறது, 'ரீ-சைன்' எண்டால் திரும்பக் கையெழுத்து வைக்கிறது. டிசம்பர் மாசம் ஒப்பந்தம் முடியுற நேரத்தில எச் ஆரில இருந்து வாற ஈமெயிலில அந்தக் கோடு விடுபட்டால் அண்டிரவு ஒரு வீட்டில சோறு இறங்காது.

சின்னக் கோடுதானே எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஒரு பக்கக் கதை. 1990 இல செக்கோஸ்லோவாக்கியாவில கம்யூனிஸ்ட் ஆட்சி போன கையோட நாட்டின்ர பேருக்கு நடுவில ஹைபன் போடுறதோ இல்லையோ எண்டு பாராளுமன்றத்தில சண்டை வந்தது. ஸ்லோவாக்கியர் கோடு கேட்டவை, தாங்களும் சரிசமன் எண்டு தெரியோணும் எண்டு, செக்காரருக்கு அது பிடிக்கேல்லை. ஹைபன் போர் எண்டே அதுக்குப் பேர். பிறகு 1993 ஜனவரி முதலாந் திகதி ரெண்டு நாடாவே போட்டினம். கோட்டால தான் பிரிஞ்சவை எண்டு நான் சொல்லமாட்டன், எண்டாலும் கோட்டை ஆரும் சும்மா கேக்கிறேல்லை.

ஹைபனால தீர்க்க ஏலாத இடமும் இருக்கு, அதையும் ஒளிக்காமல் சொல்லவேணும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக்காரர் கொண்டுவாற மனுவில 'வீ நீட் மோர் குவாலிஃபைட் டீச்சர்ஸ்' எண்டு வரும். இன்னும் கூட ஆக்கள் வேணுமோ, இருக்கிறவையை விடப் படிச்ச ஆக்கள் வேணுமோ? 'மோர்-குவாலிஃபைட்' எண்டு கட்டினால் ரெண்டாவது பொருள் வரும் எண்டு புத்தகம் சொல்லும், ஆனால் கந்தோரில வாசிக்கிறவர் அவ்வளவு நுணுக்கமாப் பார்ப்பார் எண்டு நம்பி மனு எழுத ஏலாது. கணிதத்துக்கு ஒரு ஆள், விஞ்ஞானத்துக்கு ஒரு ஆள், இங்கிலீஷுக்கு ரெண்டு ஆள், எல்லாரும் பயிற்றப்பட்டவையா வேணும் எண்டு உடைச்சு எழுதுங்கோ. போன மனுவுக்கு மேல இருந்து வந்த பதில் என்ன எண்டு நினைக்கிறியள், இருக்கிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்கலாமாம்.

இன்னும் மோசம், நாலு அஞ்சு பெயர்ச்சொல்லை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடுக்கிறது. 'மிஸ்ஸிங் பேர்சன்ஸ் ஃபமிலி மெம்பர்ஸ் சப்போட் மீற்றிங்' எண்டு ஒரு பதாகை அடிக்க வந்தது. காணாமல் போனது ஆர், ஆக்களோ, குடும்பங்களோ, அங்கத்தவர்களோ? எங்க கோட்டைப் போட்டாலும் அந்த அடுக்கு இடிஞ்சு விழும். 2017 பெப்ரவரியில இருந்து கிளிநொச்சியில றோட்டோரம் குந்தியிருந்த தாய்மாரைப் பற்றி ஒழுங்கா எழுதின இங்கிலீஷ் பத்திரிகைக்காரர் 'ஃபமிலிஸ் ஒஃப் த டிசப்பியர்ட்' எண்டு விரிச்சு எழுதினவை, ஒரு 'ஒஃப்' போட்டால் ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு தெளிவாத் தெரியுது. அந்தத் தாய்மாரின்ர பதாகையில ஆரைத் தேடுறம் எண்டதே குழம்பிப் போறதை விடப் பெரிய பிழை இருக்கோ? அந்த இடத்தில எனக்குப் பகிடி வாறேல்லை.

ரைப் அடிக்கிற ஆளா ரெண்டு மூண்டு விசயம், விரும்பினால் கேளுங்கோ. ஹைபனுக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடாதேங்கோ, 'லோங் - டேர்ம்' எண்டு இடைவெளி விட்டு அடிச்சால் வேர்ட் அதைத் தானாவே நீளக் கோடாக்கிப்போடும், பிறகு அது சேர்க்கிற கோடு இல்லை, பிரிக்கிற கோடு. அந்தக் கொஞ்சம் நீளமான கோடு வேற வேலைக்கு, பரந்தன்–முல்லைத்தீவு றோட்டு எண்டு இந்த இடத்தில இருந்து அந்த இடத்துக்கு எண்டு காட்டவும், 2009–2012 எண்டு ஆண்டு காட்டவும். வரிக்கடைசியில கூட்டு உடைஞ்சு ஒரு பாதி கீழ விழாமல் இருக்கோணும் எண்டால் கொன்ட்ரோலும் ஷிஃப்டும் பிடிச்சுக்கொண்டு ஹைபனை அமத்துங்கோ. அதோட 'த்ரீ- அன்ட் ஃபோர்-மந்த்' எண்டு முதல் சொல்லுக்குப் பின்னால ஒரு கோடு தொங்கிக்கொண்டு நிண்டால் அது பிழை இல்லை, பின்னால வாற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிக்குது, அழிக்காதேங்கோ. எத்தினை தரம் நான் போட்டுக் குடுத்ததை ஒபிஸில அழிச்சுப்போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கினம்.

கேக்கிறது ரெண்டே ரெண்டு. ஒரு ப்ரொபோசலோ ஃபோமோ அனுப்ப முதல், கூட்டத்துக்கு வராத ஒரு ஆளிட்ட அதின்ர தலைப்பையும் பட்ஜெட் வரியளையும் வாசிக்கக் குடுத்து, எத்தினை மாடு, எத்தினை ஏக்கர், எத்தினை பேர் எண்டு கேளுங்கோ. அவர் யோசிச்சால் அந்த இடத்தில கோடு வேணும் அல்லது வசனம் மாறோணும். அடுத்தது, இங்கிலீஷில எழுதினதைத் திரும்பத் தமிழில சங்கத்துக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு அனுப்புங்கோ, சுவரில ஒட்டின பிறகு இல்லை. அரை மணித்தியாலம் கூடச் செல்லாது. வாகனம் எடுத்துக்கொண்டு வந்து கூட்டம் வச்சு, ரோல்ஸும் பிளேன் ரீயும் குடுத்துப் போட்டோ எடுக்கிறியள் தானே, அதுக்குள்ள இதையும் செய்யலாம்.

இப்ப அவசரமா ஒண்டு இருக்கு. பெரும்போகத்துக்கு விதைநெல்லு குடுக்கிறதுக்கு எண்டு ஒரு ஒபிஸின்ர ஃபோம் கொப்பி அடிக்க வந்து மேசையில கிடக்குது. அதில 'த்ரீ அன்ட் எ ஹாஃப்-மந்த் வரைட்டி' எண்டு கடைசிச் சொல்லுக்கு மட்டும் கோடு, பிஜி 300 உம் பிஜி 352 உம் ஒரே கட்டத்துக்குள்ள. பிஜி 300 மூண்டு மாச நெல்லு, 352 மூண்டரை மாசம், கமக்காரன் தண்ணியைப் பார்த்துத்தான் எதை விதைக்கிறது எண்டு முடிவெடுப்பான், மாறிக் குடுத்தால் வெட்டுக்கு மிசின் பிடிக்கிற நாளில இருந்து எல்லாம் மாறும். 'த்ரீ-அன்ட்-எ-ஹாஃப்-மந்த்' எண்டு முழுக்கக் கட்டுங்கோ, இல்லாட்டி '3.5-மந்த்' எண்டு இலக்கத்தில போடுங்கோ, ரெண்டு இனத்துக்கும் ரெண்டு கட்டம் அடியுங்கோ. திருத்தின கொப்பி ஒண்டு அடிச்சு வச்சிருக்கிறன், வெள்ளிக்கிழமைக்கு முதல் ஆரும் ஒராள் வந்து எடுத்தால் நல்லது. ரைப்பிங்குக்குக் காசு வேண்டாம், கொப்பிக் காசை மட்டும் தாங்கோ.

இப்படிக்கு,
பரந்தன் ரைப்பிங் கடைக்காரன்